தாளில் இல்லாததைப் படித்தேன்

ஜப்பான்காரன் பினாங்கைப் பிடித்து இரண்டாவது வருஷம் நடந்துகொண்டிருந்தபோது, ஜார்ஜ் டவுன் கிட்டங்கித் தெருவில் ஒரு மாடியறையில் நடந்தது இது. அப்போது எனக்குப் பதினெட்டு வயது. சண்டை முடிந்து ஊர் பழையபடி ஆகிவிட்டது என்கிறார்கள். எனக்கு என்னவோ, இப்போதும் அந்த அறையின் படிக்கட்டில் ஏறும்போது கால் கொஞ்சம் தயங்கும். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், பிறகு இங்கிலீஷ் பள்ளியில் மூன்று வருஷம் படித்தேன். வீட்டுக்கு எந்தத் தாள் வந்தாலும், அது மருந்துக்கடைச் சீட்டாகவே இருந்தாலும், அப்பா அதை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து என்னிடம் தருவார். அச்சில் வந்தது பொய்யாக இருக்காது என்பது அவருடைய எண்ணம். முதல் குண்டு விழுந்த அன்றைக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அவருடைய அந்த எண்ணம் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

கிட்டங்கி என்பது சரக்கு அடுக்கும் பெரிய கட்டடம். அதன் மாடியிலும் பின்கட்டிலும் துறைமுகத் தொழிலாளிகள் குடும்பம் குடும்பமாக நெருக்கியடித்துக்கொண்டு இருப்பார்கள். சண்டைக்கு முன்னால் ஒரு சங்கத்தார் அந்தத் தெருவில் மாடியறை ஒன்றில் வாசகசாலை வைத்திருந்தார்கள். குண்டு விழுந்ததும் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டார்கள். இரண்டு அலமாரி, ஒரு நீள மேசை, பெஞ்சுகள், வாசகசாலை விலாசத்தோடு ஒரு ரப்பர் முத்திரை. இதற்கெல்லாம் சாவி என்னிடம் வந்து சேர்ந்தது. வேறு யாரும் அதைக் கேட்கவில்லை என்பதுதான் உண்மை. பகலில் சரக்கு ஆபீசு ஒன்றில் எனக்குச் சின்னக் கிராணி வேலை, குமாஸ்தா மாதிரி. மூட்டை எண்ணி எழுதுவது, நோட்டீஸ் ஒட்டுவது, இப்படி. வேலை விட்டதும் நேரே வாசகசாலைக்கு வந்து ஜன்னலைத் திறந்து வைப்பேன். கடிகாரத்தில் அப்போது டோக்கியோ நேரம். ஏழு மணி என்று காட்டும், ஆனால் வெயில் இன்னும் மேசை மேல் கிடக்கும். அந்த வெளிச்சம் போகும்வரைதான் படிப்பு. விளக்குக்கு எண்ணெய் கிடையாது.

வருகிறவர்களில் பாதிப்பேர் சுருட்டுச் சுற்றத் தாள் கேட்டுத்தான் வந்தார்கள். நான் கொடுக்கமாட்டேன். அதற்காக என்னை ஏசுவார்கள், பிறகு மேலே ஏறிய பாவத்துக்கு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவார்கள். உட்கார்ந்தவர்களுக்கு எதையாவது படித்துக் காட்டுவேன். அந்த வழக்கம் சண்டைக்கு முன்பே உண்டு. எழுத்துத் தெரிந்த ஒருவன் படிப்பான், தெரியாத இருபது பேர் கேட்பார்கள்.

ஒருநாள் அலமாரியின் அடித்தட்டில் ஒரு சிறுவர் கதைப் புத்தகம் கிடைத்தது. அட்டையும் முதல் சில பக்கங்களும் போய்விட்டிருந்தன. யாருடைய சுருட்டில் புகைந்ததோ தெரியாது. அதனால் அதற்குப் பேரும் இல்லை, எழுதியவர் யாரென்றும் இல்லை. ஒரு கடற்கரை ஊர். அங்கே ஒரு பெரியவர் நூலகம் கட்டிவிட்டுச் செத்துப்போகிறார். அதில் பூட்டிய அறை ஒன்று உண்டு. ஒரு பணக்காரன் நூலகத்தை இடித்துவிட்டு அந்த இடத்தில் சரக்குக் கட்டடம் கட்டப் பார்க்கிறான். அறையைத் திறந்தால் நூலகத்தைக் காப்பாற்றலாம். ஆனால் சாவி எங்கே என்பதைப் பெரியவர் புதிர் புதிராகப் புத்தகங்களுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். ஒரு புத்தகத்தை முழுசாகப் படித்தால்தான் அடுத்த புத்தகத்துக்கு வழி தெரியும். மூன்று பிள்ளைகள் அப்படிப் படித்துப் படித்துத் தேடுகிறார்கள்.

பிள்ளைகளுக்காக என்றுதான் ஆரம்பித்தேன். இரண்டாம் நாளே பெரியவர்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு பிள்ளைகளைத் தரையில் தள்ளிவிட்டார்கள். 

"நூலகத்தை இடிச்சுக் கிட்டங்கி கட்டுறானா? கட்டட்டும்லா. நாலு பேருக்கு வேலை கிடைக்கும்" என்றார், எப்போதும் மூக்குப்பொடி டப்பாவோடு உட்காரும் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்தவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

புதிர் வரும் இடத்தில் நான் புத்தகத்தை மூடிவிடுவேன். விடை நாளைக்குத்தான். புதிரை அவர்கள் வீட்டுக்குக் கொண்டுபோவார்கள், மறுநாள் மூட்டையோடு சேர்த்துச் சுமப்பார்கள், சாயங்காலம் விடையோடு வருவார்கள். பெரும்பாலும் தப்பாக இருக்கும். தப்பாகச் சொல்லாதவர் ஒருவர்தான். தொங்காங் என்கிற சரக்குப் படகில் வேலை பார்த்ததால் அவரைத் தொங்காங்காரர் என்று கூப்பிடுவார்கள். முப்பத்தைந்து வயது இருக்கும். ஒரு எழுத்தும் தெரியாது. ஒன்பது வயது மகளைக் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பெண் என் பக்கத்தில் ஒட்டி நின்று, நான் படிக்கும் வரியையே பார்த்துக்கொண்டிருக்கும். அப்படிப் பார்த்துப் பார்த்தே எழுத்துக் கூட்ட ஆரம்பித்தது.

நூறு புத்தகம் உள்ள தட்டில் கடைசியாகப் பெரியவர் எடுத்தது எது என்று ஒரு புதிர். நான் பக்கத்தைப் புரட்டி விடையைப் பார்த்துவிட்டுத்தான் வாசித்தேன். தொங்காங்காரர் இருந்த இடத்திலேயே சொன்னார். "தூசியைப் பாக்கச் சொல்லு. மூட்டை அடுக்குல நேத்து எதை எடுத்தோம்னு தூசிதான் சொல்லும்."

இன்னொரு நாள் பெரியவர் விட்டுப்போன கடிதம் ஒன்று கதையில் வந்தது. கிழக்கு ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும், வடக்கு ஜன்னலைத் திறந்தால் கோயில் தெரியும், மேற்கு ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும், தேடுகிறவன் என் கடிதத்தை நன்றாகப் படிக்கட்டும் என்று இருந்தது. கடலா, கோயிலா, மலையா என்று அன்றைக்குப் பெரிய சண்டை. கோயில்தான் என்று பொடிக்காரர் சத்தியம் செய்தார். மறுநாள் தொங்காங்காரர் வந்து உட்காரும்போதே கேட்டார்.

"தம்பி, தெற்கு எங்க போச்சு?"

"தெற்கைப் பத்தி ஒண்ணும் இல்லையே அண்ணே."

"அதான். மூணு பக்கத்தைச் சொல்லி ஒரு பக்கத்தை ஏன் விடணும்? சொல்லாம விட்ட பக்கத்துலதான் விஷயம் இருக்கு."

அதுதான் விடை. எனக்கு உள்ளூரக் கொஞ்சம் பொறாமையாகவே இருந்தது. ஒன்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தவன் நான். நான் எழுத்தைப் படித்தேன், அவர் எழுத்தைச் சுற்றியிருந்த இடத்தையும் படித்தார்.

அந்தச் சமயத்தில் வயிற்றுப்பாடு ரொம்ப மோசமாகிவிட்டது. கப்பல் வரத்து இல்லை, தொங்காங்கில் வேலை இல்லை. அரிசி கண்ணில் படுவது அபூர்வம். மரவள்ளிக் கிழங்குதான் மூன்று வேளையும். தொங்காங்காரருடைய மனைவிக்குக் கால் இரண்டும் வீங்கி, விரலால் அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நின்றது. அரிசியும் பயறும் கொடுத்தால் வீக்கம் வடியும் என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெசர் சொல்லிவிட்டார். எங்கே போவது?

அப்போதுதான் அந்த நோட்டீஸ் வந்தது. சயாமில் ரயில் பாதை போட ஆள் எடுக்கிறார்கள் என்று தமிழில் அச்சடித்த தாள். ஆபீசில் பெரிய கிராணி ஒரு கட்டு நோட்டீசை என்னிடம் கொடுத்துத் தெருவில் ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். பிறகு ஒன்றைத் தனியாகக் கையில் கொடுத்து, "உங்க வாசகசாலையில கூட்டம் வருதாமே. அங்கயும் படிச்சுக் காட்டு" என்றார். அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு நான்தான் மாடிக்குக் கொண்டுபோனேன்.

அன்றைக்குக் கதை படிக்கவில்லை. நோட்டீசைத்தான் படித்தேன். நல்ல குரலில், நிறுத்தி நிறுத்தி, கதை படிப்பது போலவே படித்தேன். மூன்று மாத வேலை, தினக்கூலி, தங்க வீடு, சாப்பாடு, மருந்து, போக ரயில் இலவசம், குடும்பத்துக்கு முன்கூட்டியே அரிசி. கிட்டங்கியில் பலபேர் அன்று காலையிலேயே ஆள் சேர்க்கிற மண்டோரிடம் பெயர் கொடுத்துவிட்டிருந்தார்கள். பெயர் கொடுக்காமல், தாளில் என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று வந்தவர் தொங்காங்காரர் ஒருவர்தான்.

முடித்ததும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். படித்தேன். அவர் விரல் விட்டு எண்ணிக்கொண்டே கேட்டார்.

"போற ரயில் இருக்கு. வர்ற ரயில் எங்க?"

யாரோ சிரித்தார்கள். பொடிக்காரர், "ஒரு மாசமா புதிர் கேட்டுக் கேட்டு இவனுக்குப் புத்தி பிசகிப்போச்சு. பொண்டாட்டி சோறு போட்டாக்கூட உள்ள என்னத்த ஒளிச்சு வச்சிருக்கான்னு தேடுவான்" என்றார்.

"சோறு போட்டாத்தானே தேட. மரவள்ளிக்குள்ள என்னத்த ஒளிக்கிறது" என்றார் இவர். ஆனால் முகம் சிரிக்கவில்லை. என் பக்கம் திரும்பினார். "சொல்லு தம்பி. திரும்பி வர்றதைப் பத்தி எழுதியிருக்கா?"

"இது கதைப் புத்தகம் இல்ல அண்ணே, அரசாங்கத் தாள். மூணு மாசம்னு போட்டிருக்கு. மூணு மாசம்னா, அது முடிஞ்சதும் அனுப்பிடுவாங்கன்னுதானே."

"அது நீ சொல்றதா, தாள் சொல்றதா?"

இந்த இடத்தைத்தான் நான் எத்தனையோ தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். அறையில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெயர் கொடுத்தவர்கள் முகத்தில் திடீரென்று ஒரு கலக்கம். எழுதவில்லை, எனக்குத் தெரியவில்லை என்று சொன்னால் போதும். ரொம்பச் சின்ன வாக்கியம். ஆனால் அந்த மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து தெரியவில்லை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. தெரிந்தவன் என்பதால்தான் அவ்வளவு பேர் படியேறி வந்தார்கள், வயதில் மூத்தவர்கள்கூட எனக்கு பெஞ்சில் இடம் விட்டார்கள். இன்னொன்றும் சொல்லவேண்டும். அச்சடித்து முத்திரை குத்திய தாள் ஒரு மனுஷனைக் கொண்டுபோய் அங்கேயே விட்டுவிடும் என்று எனக்கு அப்போது உண்மையிலேயே தோன்றவில்லை.

"எழுதியிருக்கு அண்ணே" என்றேன்.

அவர் என் கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு, "சரி. படிச்சவன் சொன்னா சரிதான்" என்று எழுந்து மகளைக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினார். மறுநாள் காலையில் பெயர் கொடுத்தார் என்று கேள்விப்பட்டேன்.

புறப்படுவதற்கு முதல்நாள் தனியாக வாசகசாலைக்கு வந்தார். ஒரு சின்னத் தாளில் அவருடைய பெயரையும் கிட்டங்கி விலாசத்தையும் எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். அதை வாங்காமல் மேசையிலிருந்த முத்திரையைக் காட்டினார்.

"புத்தகத்துல குத்துவியே, அதையும் இதுல குத்து."

"எதுக்கு அண்ணே?"

"எங்க கிடந்தாலும் கொண்டாந்து குடுக்கணும்னு பாக்கிறவனுக்குத் தெரியும்லா."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நானும் சிரித்துக்கொண்டே குத்திக் கொடுத்தேன். அதை நாலாக மடித்து இடுப்புப் பையில் செருகிக்கொண்டார். மறுநாள் காலையில் படகுத்துறையில் கூட்டம். அக்கரையில் பிறை என்கிற ஊருக்குப் போய் அங்கிருந்து ரயில். மனைவி நடக்கமுடியாததால் வரவில்லை. மகள் மட்டும் வந்திருந்தது. படகு நகர்ந்தபோது அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை, சரக்கு ஏற்றும் துறையில் வேலையில்லாமல் கட்டிக்கிடந்த தொங்காங்குகளையே பார்த்துக்கொண்டு போனார்.

சொன்னபடி அரிசி வந்தது. ஒரு தடவை. தொங்காங்காரர் வீட்டு அக்காவுக்குக் கால்வீக்கம் வடிந்து, அவர் நடமாட ஆரம்பித்தார். மூன்று மாதம் முடிந்தது. நாலாவது மாதமும் போனது. கிட்டங்கியில் பெண்கள் என்னிடம் வந்து, ஏதாவது தாள் வந்திருக்கிறதா என்று கேட்டார்கள். ஆபீசில் பெரிய கிராணியிடம் கேட்டேன். அவர் பேனாவைத் துடைத்துக்கொண்டே மூட்டைக் கணக்கைக் கேட்டார்.

கதையைப் பாதியில் விடக்கூடாது என்று நானே ஒரு பிடிவாதத்தில் படித்து முடித்தேன். பெஞ்சில் பாதி காலி. புதிர் வரும் இடத்தில் புத்தகத்தை மூடிப் பார்த்தேன், யாரும் விடையோடு வரவில்லை. நானே பக்கத்தைப் புரட்டி விடையைப் படித்தேன். அதில் ஒரு ருசியும் இல்லை. கடைசியில் பிள்ளைகள் அறையைத் திறக்கிறார்கள். உள்ளே தங்கமோ வைரமோ இல்லை. ஊரிலுள்ள ஒவ்வொருவருக்கும் பெரியவர் தேர்ந்து வைத்த ஒரு புத்தகம், அவரவர் பெயர் எழுதி அடுக்கியிருக்கிறது. ஊரே வந்து தன் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகிறது. அதற்குப்பின் நூலகத்தை இடிக்க யாரும் விடவில்லை. "இவ்வளவுதானா?" என்றார் பொடிக்காரர். வழக்கமான கிண்டல் அவர் குரலில் இல்லை. அவருடைய தம்பியும் சயாமுக்குப் போயிருந்தார். தொங்காங்காரருடைய மகள் மட்டும், "எங்க அப்பாவுக்கு எழுத்து தெரியாதே. அவருக்கு எந்தப் புத்தகம் வச்சிருப்பாங்க?" என்று கேட்டது. நான் ஏதோ சொல்லி மழுப்பினேன். அன்றோடு சத்தமாகப் படிப்பதை நிறுத்திவிட்டேன். ஜன்னலைத் திறந்து வைப்பேன், யாராவது வந்தால் புத்தகத்தை எடுத்துக் கொடுப்பேன், அவ்வளவுதான்.

ஜப்பான்காரன் போனபிறகு சயாமிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். தோலும் எலும்புமாக, காலில் புண்ணோடு வந்தார்கள். நிறையப் பேர் வரவில்லை. வந்தவர்களில் ஒருவர் தொங்காங்காரரை ஒரு முகாமில் பார்த்ததாகச் சொன்னார். பிறகு அங்கே வாந்திபேதி வந்ததாம், முகாமையே பிரித்துவிட்டார்களாம். செத்ததைப் பார்த்தீர்களா என்றால், பார்க்கவில்லை என்றார். உயிரோடு இருக்கிறாரா என்றால், அதுவும் தெரியாது என்றார். தெரியாது என்று அந்த மனுஷன் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டதைச் சொல்ல, நோட்டீஸ் படித்த அன்றைக்கு எனக்குத்தான் வாய் வரவில்லை.

போன வருஷம் ஒருநாள் அந்த அக்கா படியேறி வந்தார். கூடவே மகள். இப்போது உயரமாக வளர்ந்துவிட்டது, பள்ளிக்கூடம் போகிறது. அக்கா கையில் அச்சடித்த தாள் ஒன்று இருந்தது. சயாமுக்குப் போய்த் திரும்பாதவர்களின் பெயரைப் பதிவதற்காக ஒரு அலுவலகத்தில் கொடுத்த தாள். மேசைமேல் வைத்து, "என்ன போட்டிருக்கு தம்பி?" என்றார்.

நான் தாளின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். பெயர், வயது, எங்கிருந்து போனார், யார் கொண்டுபோனார்கள், கடைசியாக எப்போது சேதி வந்தது. ஒரு வரியையும் நல்ல குரலில் படிக்கவில்லை. படித்து முடித்ததும் அவர் கேட்டார்.

"இதைக் கொடுத்தா தேடுவாங்களா?"

தாளை மேலிருந்து கீழேவரை இன்னொரு தடவை பார்த்தேன். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தேன்.

"தேடுவாங்கன்னு எழுதலை அக்கா. பேரைப் பதிஞ்சுக்குவோம்னு மட்டும்தான் இருக்கு. தேடுவாங்களான்னு எனக்குத் தெரியாது."

அக்கா தலையை ஆட்டினார். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"அன்னிக்கும் இப்படிச் சொல்லியிருக்கலாம் தம்பி."

அவரே தொடர்ந்தார். "அன்னிக்கு வீட்டுக்கு வந்து சொன்னாரு. தம்பி தாளைப் பாக்காம என்னைப் பாத்துகிட்டே சொல்லுது, எனக்கு என்னவோ சரியாப் படலைன்னாரு. நான்தான் சொன்னேன். படிச்ச பிள்ளை, அது ஏன் பொய் சொல்லப்போவுதுன்னு."

மன்னித்துவிடுங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வார்த்தை அங்கே எவ்வளவு சின்னது என்று தெரிந்ததால் மூடிக்கொண்டேன். அவர் அதற்காகக் காத்திருக்கவும் இல்லை. தாளை எடுத்து மகளிடம் கொடுத்தார். "நீயும் ஒரு தடவை படிச்சுப் பாரு."

அந்தப் பெண் ஜன்னலோரம் போய் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு, முதல் வரியிலிருந்து மெதுவாகப் படித்தது. நான் எழுந்து நின்றுகொண்டிருந்தேன். வாய்க்குள்ளேயே படித்துக்கொண்டு வந்து, ஒரு இடத்தில் நின்று, மேலே போய், மறுபடி வந்தது. தாளின் ஓரங்களைக்கூடப் பார்த்தது.

"அண்ணன் சொன்னது சரிதாம்மா. தேடுறதைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லை."

"சரி, அப்ப பேரையாவது பதியட்டும்" என்று அக்கா மைப்பெட்டியைக் கேட்டார். பெருவிரலைத் தொட்டு, நான் காட்டிய இடத்தில் மகளிடம் ஒரு தடவை கேட்டுக்கொண்டு, அழுத்தி வைத்தார்.

இப்போது வாசகசாலையில் மறுபடி சத்தமாகப் படிக்கிறேன். கூட்டமும் வருகிறது. ஆனால் யாராவது ஒரு தாளை என்னிடம் நீட்டி என்ன போட்டிருக்கிறது என்று கேட்கும்போதெல்லாம், அந்தப் பெண் ஜன்னலோரம் நின்று என் வார்த்தையைச் சரிபார்த்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டிருந்த அந்தச் சில நிமிஷங்கள் நெஞ்சில் வந்து உட்கார்ந்துகொள்கின்றன, இருப்பதை இருக்கிறது என்றும் தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிட்டுத்தான் என்னால் மூச்சு விட முடிகிறது.